தனிஸ்லாஸ் அளந்த மக்ரோனி

தனிஸ்லாஸுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. சாகும்வரை அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். புதுச்சேரித் துறைமுகத்துப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்கார துரையின் கிடங்கில் அவரும் நானும் கணக்கர்கள்; துரையை முசியே என்றுதான் கூப்பிடுவோம். சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். முசியே தும்மினால்கூட அதில் ஒரு நாகரிகத்தைக் கண்டுபிடித்து எங்களுக்குப் பாடம் நடத்துவார்.

முப்பத்தாறாம் வருஷம் அவருடைய ஒரே மகள் அகஸ்டினாவுக்கு உழவர்கரையில் நல்ல இடம் அமைந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார். கோயிலில் அவனைக் கண்டால் அந்தப் பெண்ணின் முகம் மலர்வதை நானே பார்த்திருக்கிறேன். நிச்சயத்தன்று மத்தியானம் நாற்பது பேருக்கு விருந்து. சோறே வடிக்கக் கூடாது என்று தனிஸ்லாஸ் சொல்லிவிட்டார். கப்பலில் வந்த மக்ரோனி, தொட்டுக்கொள்ளக் கோழிக்குழம்பு, அவ்வளவுதான். சோறு தின்கிறவர்களைப் பார்த்தாலே அவருக்கு இளக்காரம்.

சமையல்காரர் கோவிந்தசாமி நாலு கிலோ கேட்டிருந்தார். கிடங்கில் தராசு கண்ணெதிரே தொங்கியது. அதைத் தொட்டால் இவர் கௌரவம் போய்விடுமாம். எண்ணெய் அளக்கிற லிட்டர் குவளையைத் துடைத்து, மக்ரோனிப் பெட்டியிலிருந்து நாலு தடவை அள்ளிப் பையில் கொட்டிக்கொண்டார். நிறுத்துவிடலாமே என்றேன்.

"லிட்டர்னாலே கிலோதான்யா. பள்ளிக்கூடத்துல படிக்கலியா நீ?"

பள்ளிக்கூடத்தில் சொன்னது தண்ணீருக்கு. மக்ரோனி குட்டிக் குட்டிக் குழாய். உள்ளே ஓட்டை, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே சந்து. லிட்டருக்கு அரைக் கிலோகூடத் தேறாது. அதையும் சொன்னேன். சிரித்தார். படித்த மடையனின் சிரிப்பைப் போல எனக்கு எரிச்சல் மூட்டுவது வேறு இல்லை.

முதல் பந்தியில் ஆண்கள் சாப்பிட்டு எழுந்ததுமே அண்டா காலி. பையனின் அம்மா இருதயமேரியும் அவரோடு வந்த பெண்களும் வெறும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்த தனி மேஜையில் ஒரு தட்டு நிறைய மக்ரோனி மூடி வைத்திருந்தது. அது முசியேவுக்கு. அவர் வருவதாகச் சொல்லவே இல்லை. இவர் அழைத்தபோது தலையை ஆட்டினார், அவ்வளவே.

அகஸ்டினா அந்தத் தட்டை எடுத்து மாமியாராகப் போகிறவரிடம் கொண்டுபோனாள். தனிஸ்லாஸ் பாய்ந்து வந்து பிடுங்கினார்.

"அது முசியேவுக்கு. எடுத்த எடத்துல வையி."

இருதயமேரி எழுந்து முந்தானையை உதறிக்கொண்டார்.

"அவருதான் ஒசத்தின்னா சம்பந்தத்தையும் அங்கயே பேசிக்குங்க."

அவர்கள் கொண்டுவந்த பூவும் புடவையும் அவர்களோடேயே திரும்பிப் போயின. பையன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்; பிறகு அம்மாவின் பின்னால் போய்விட்டான்.

முசியே வரவில்லை. எல்லாரும் கலைந்த பிறகு அகஸ்டினா அந்தத் தட்டைக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்தாள். அவள் அழவில்லை.

"நீங்க சாப்புடுங்கப்பா. என்னப் பாக்க இனிமே யாரயும் கூட்டியாராதீங்க."

தனிஸ்லாஸ் கழுத்தில் துணியைச் செருகிக்கொண்டு, முள்கரண்டியை எடுத்து, சாப்பிட்டார்.