கொடியில் காணாமல் போன லுங்கிகள்

பதற்றம் வந்தால் மற்றவர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. எனக்கும் அவை இரண்டும் நின்றுவிடும். ஆனால் வாய் மட்டும் ஓட ஆரம்பிக்கும். சிட்லபாக்கத்து வீட்டுக் கொடியிலிருந்து என் லுங்கிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனபோதும் அதுதான் நடந்தது. மாடியிலிருந்த வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். பால்காரரிடம் சொன்னேன். தெருமுனை இஸ்திரிக்காரரிடம் சொன்னேன். ஏரிப் பக்கமிருந்து ஒரு திருடன் வருகிறான், பேண்ட் சட்டையைத் தொடாமல் லுங்கியை மட்டும் எடுப்பதால் அவன் என் அளவு உடம்புக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்றேன். லுங்கிக்கு ஏது அளவு என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை.

அப்போது எனக்கு முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அலுத்துப்போய், தங்கள் பிள்ளைகளுக்குப் பார்க்கப் போய்விட்டார்கள். கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. கீழ்ப் போர்ஷனில் நானும் ஒரு டிவியும் குடியிருந்தோம். சாயங்காலம் பூட்டைத் திறந்ததும் "வந்துட்டேன்" என்று சத்தமாகச் சொல்வது என் வழக்கம். யாராவது பதில் சொல்லியிருந்தால் பயந்து ரயில்வே ஸ்டேஷனுக்கே திரும்ப ஓடியிருப்பேன். அது வேறு விஷயம்.

அந்த வீட்டுக்குத்தான் அண்ணன் மகள் வந்து சேர்ந்தாள். அண்ணனுக்குத் திருநெல்வேலியில் ஜவுளிக்கடை. மகளுக்குத் தாம்பரத்தில் காலேஜ் கிடைத்தது, ஹாஸ்டல் கிடைக்கவில்லை. "மூணு வருஷம் ஒங்கூட இருக்கட்டும்ல" என்று ஒரு பெட்டியோடும் கையால் சுற்றும் ஒரு தையல் மெஷினோடும் கொண்டுவந்து விட்டுப் போனார். அண்ணன் தெரு திரும்பியதும் எனக்கு வியர்த்தது. வயசுப் பெண் என்ன சாப்பிடுவாள், எத்தனை மணிக்குத் தூங்குவாள், கோபம் வந்தால் என்ன செய்வது, ஒன்றும் தெரியாது. "டிவி பாக்கறியாம்மா?" என்று கேட்டேன். அன்றைக்கு அதையே பலமுறை கேட்டதாகப் பிறகு சொன்னாள்.

கொஞ்ச நாளில் வீடு அவளுடையதாகிவிட்டது. பிஸ்கட் டப்பாவில் பட்டன். கடுகு டப்பாவில் எம்பிராய்டரிக்குப் பதிக்கும் குட்டிக் கண்ணாடிகள். அவசரத்தில் ஒருநாள் அதை எடுத்து எண்ணெயில் போட்டுவிட்டு, கடுகு ஏன் வெடிக்கவில்லை என்று அடுப்பருகே காத்து நின்றிருக்கிறேன். சாயங்காலம் நான் "வந்துட்டேன்" என்றால் உள்ளேயிருந்து பதில் வந்தது. "அங்கயே நில்லுங்க சித்தப்பா, ஊசி விழுந்துருச்சு. பாத்து கால வைங்க." அந்தப் பதிலுக்காக ஸ்டேஷனிலிருந்து வேகமாக நடக்கப் பழகிக்கொண்டேன்.

அவளோடு தெருவில் நடப்பது லேசான காரியமில்லை. பத்தடிக்கு ஒருமுறை நின்றுவிடுவாள். ஏரியை ஆகாயத்தாமரை மூடிக்கிடக்கிறது என்று ஊரே புகார் சொல்லிக்கொண்டிருக்கும்போது, இவள் அதில் ஒரு பூவைப் பறித்துக்கொண்டு போய், அந்த வெளிர் ஊதாவுக்கு ஏற்ற நூல் தேடிச் சந்தைத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினாள். பூக்காரம்மா கனகாம்பரத்தையும் மரிக்கொழுந்தையும் சேர்த்துக் கட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து ஒரு துப்பட்டாவுக்கு அந்த ஆரஞ்சிலும் பச்சையிலும் கரை போட்டாள். புத்தகத்தில் பார்த்துத் தைப்பதில்லையா என்று கேட்டதற்கு, "புக்ல எல்லாரும் ஒல்லியா, ஏசி ரூம்ல நிக்காங்க சித்தப்பா. இங்க பாருங்க, பஸ்ல தொங்கிட்டுப் போறப்பவும் துணி எவ்வளவு அழகா விழுது" என்றாள். நான் பார்த்தேன். பஸ் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனை பார்க்க முடிச்சூர் போனேன். அவளும் வந்தாள். புரோக்கர் வயலைக் காட்டி மெயின் ரோடு வருது என்று சொல்லிக்கொண்டிருக்க, இவள் பக்கத்தில் கட்டடம் நடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு பெண் மணல் சுமந்துகொண்டிருந்தார். ரோஸ் புடவை, அதற்கு மேல் கட்டம் போட்ட முழுக்கை ஆம்பளைச் சட்டை, தலையில் பச்சைத் துண்டுச் சும்மாடு. அவரிடமே போய்விட்டாள்.

"அக்கா, இந்தச் சட்டை ரொம்ப நல்லாருக்கு. எங்க வாங்குனீங்க?"

"எங்க வாங்கறது? வூட்டுக்காரரு சட்டை. வெயிலுக்குப் போட்டுகினு வர்றேன்."

"அவர் கேக்க மாட்டாரா?"

"அவரு இன்னாத்துக்குக் கேக்கறாரு? வூட்ல மல்லாந்துகினு கீறாரு. அதுக்குச் சட்டை தேவையில்லியே."

திரும்பி வரும்போது ரயிலில் அவள் பேசவே இல்லை. மனை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். லுங்கிகள் காணாமல் போக ஆரம்பித்தது அதற்கடுத்த வாரம்.

திருடனைப் பிடித்தது தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில். கூட்டத்தில் எனக்கு நாலு படி முன்னால் என் லுங்கி ஏறிக்கொண்டிருந்தது. மெரூன் கட்டம், நடுவில் கடுகு மஞ்சள் கோடு, ஓரிடத்தில் என் பேனா கக்கிய மசிக் கறை. அந்தக் கறையைச் சுற்றி நூலால் இதழ் போட்டு ஒரு நீலப் பூவாக்கியிருந்தாள் அண்ணன் மகள். லுங்கி இப்போது முழங்காலளவு குர்த்தா. கீழே ஜீன்ஸ், தோளில் பை. பையும் என் லுங்கிதான். என்னைப் பார்த்துவிடப் போகிறாளே என்று நான் கொய்யாப்பழக் கூடைக்காரருக்குப் பின்னால் ஒளிந்தேன். எடுத்தவள் நிமிர்ந்து நடந்தாள். பறிகொடுத்தவன் ஒளிந்து நின்றேன்.

இஸ்திரிக்காரருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. "உங்க லுங்கிக்கு நாந்தானே சார் இஸ்திரிப் பொட்டி போடறேன். பாப்பா சொல்லாதன்னுச்சு. நீங்க தெருவெல்லாம் திருடன் கதை சொல்லிகினு இருந்தீங்களா, நல்லா டைம் பாஸ் ஆச்சு."

வீட்டில் அவளிடம் கேட்டேன். கடையில் புதுசாக வாங்கித் தைத்தால் என்ன?

"புதுசு விறைப்பா நிக்கும் சித்தப்பா. நீங்க வருஷக்கணக்கா கட்டித் துவச்சதுலதான் இந்த மெதுவு வருது. நீங்கதான் எனக்கு மெட்டீரியல் சப்ளையர்."

கோபப்படத்தான் ஆரம்பித்தேன். ஆனால் ஆபீஸில் அதுவரை யாரும் எனக்கு இப்படி ஒரு பதவி கொடுத்ததில்லை. எனக்கென்று ஒரே ஒரு பச்சை லுங்கியை மட்டும் ஒதுக்கிக்கொண்டு மிச்சத்தை நானே எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் வருஷப் பரீட்சை முடிகிற சமயம் அண்ணன் போன் செய்தார். சனிக்கிழமை வருகிறார். கையோடு மகளைக் கூட்டிப்போகிறார். ஒரு வரன் வந்திருக்கிறது. அவளோ அடையாறில் உடை வடிவமைப்புப் படிப்பு ஒன்றில் சேர்வதற்குப் பேசி வைத்திருந்தாள். "இங்கருந்தே போய்ட்டு வந்துருவேன். அப்பாகிட்ட நீங்கதான் பேசணும் சித்தப்பா" என்றாள். பேசுகிறேன் என்றேன். அவள் படிப்புக்காகத்தான் பேசப்போகிறேன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் போனால் மறுபடி நானும் டிவியும்தான்.

அண்ணன் கடையில் அதிகம் விற்பதே லுங்கிதான். எங்கள் ஊரில் அதைச் சாரம் என்போம். சாரம் விற்றுப் படிக்க வைத்த மகள் சாரத்தையே உடுத்திக்கொண்டு காலேஜ் போகிறாள் என்று தெரிந்தால் அடுத்த ரயிலிலேயே ஏற்றிவிடுவார். எனவே அவளை அடக்க ஒடுக்கமாகக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்து, ஒரு சுடிதார் துணி எடுக்கத் தாம்பரம் சந்தைத் தெருவுக்குக் கூட்டிப்போனேன். துப்பட்டாவுக்கு மேட்சிங் பார்க்கிற கடையில் ஆம்பளை என்று பார்த்தால் நானும் கல்லாவில் இருந்தவரும் மட்டும். பெண்கள் கூட்டத்தில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நான் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றேன். போலீஸ் பிடித்தவன் மாதிரி இருந்தது. அவள் ஒரு பச்சைத் துணியை என் தூக்கிய கையில் போட்டாள்.

"ட்யூப்லைட்ல கலர் பொய் சொல்லும் சித்தப்பா. ரோட்டுக்குப் போய் வெயில்ல பிடிங்க."

போய்ப் பிடித்தேன். எதிரே வந்த ஷேர் ஆட்டோ என் முன்னால் நின்றது.

"இன்னா சார், பச்சைக் கொடி காட்றியா? ஏறு, போலாம்."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் கடைப் படியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெயிலில் அந்தப் பச்சை வேறு பச்சையாகத்தான் இருந்தது. அன்றைக்கு எனக்கே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வீட்டைச் சுத்தம் செய்யும் பொறுப்பை நான் ஏற்றேன். கட்டம் போட்ட எதுவும் அண்ணன் கண்ணில் படக் கூடாது. குர்த்தா, பை, தலையணை உறை, எல்லாவற்றையும் ஒரு அரிசிச் சாக்கில் திணித்து, மாடியில் வீட்டுக்கார அம்மாவிடம் ஒப்படைத்தேன். அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார்கள். சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை தாம்பரத்தில் இறங்கிய அண்ணனை அழைத்துவந்தேன். மகள் புதுச் சுடிதாரில், தலையில் பூவோடு காபி கொடுத்தாள். அண்ணன் முகம் மலர்ந்தது. காபியைக் குடித்துவிட்டு, ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்த எந்த மனிதரும் கேட்பதைத்தான் கேட்டார்.

"ஏலே, ஒரு சாரம் எடு."

என் பச்சை லுங்கியும் கட்டம் போட்டதுதான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அது மாடியில் பூட்டிய வீட்டுக்குள் சாக்கில் இருந்தது. "சாரமா அண்ணே?" என்றேன். "சாரம் தானே? சாரத்துக்கென்ன? இருக்கு. சாரம் இல்லாம ஒரு வீடா?" வாய் ஓடிக்கொண்டே இருந்தது. பீரோவை இருமுறை திறந்து மூடினேன். அந்த நேரம் பார்த்து இஸ்திரிக்காரர் வாசலில் துணிக் கட்டை வைத்துவிட்டுப் போனார். கட்டின் நடுவே நாலாக மடித்த நீலக் கட்டம் தெரிந்தது. கடவுளே என்று அதை உருவி அண்ணன் கையில் கொடுத்தேன்.

அண்ணன் இடுப்பில் சுற்றிக்கொண்டே கேட்டார். "இதுல என்னல நாடா தொங்குது?"

"இப்ப மெட்ராஸ்ல அப்படித்தான் வருது அண்ணே. அவுந்து விழாம இருக்க."

"நல்ல யோசனையா இருக்கே. கடைக்கு வாங்கிப் போடணும்."

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அது அவள் இடுப்பில் சுற்றிக் கட்டுவதற்காகத் தைத்த பாவாடை. விளிம்பு முழுக்கக் கண்ணாடி பதித்தது. அண்ணன் ஜன்னலோரம் வெயிலில் நாற்காலியைப் போட்டுப் பேப்பரை விரித்தார். காலை ஆட்டினார். கூரையெங்கும் வெளிச்சப் பொட்டுகள் ஓடின.

"மேல என்னல மினுங்குது?"

"வெயிலு அண்ணே. சிட்லபாக்கத்து வெயில் கொஞ்சம் அப்படித்தான்."

விட்டுப்போன ஒரு துப்பட்டாவோடு இஸ்திரிக்காரர் திரும்ப வந்தார். நாற்காலியைப் பார்த்தார். "இன்னா சார், அண்ணன் பாப்பா பாவாடைய கட்டிகினு குந்திகினு கீறாரு?"

அண்ணன் குனிந்து பார்த்தார். என் வாய்கூட நின்றுபோனது. அவர் விளிம்பைத் திருப்பி உள்பக்கம் பார்த்தார். ஜவுளிக்காரர் கை அது, தானாகத் திரும்பும். இரண்டு துணி சேரும் இடத்தில் விரலை ஓட்டினார். கட்டமும் கட்டமும் விலகாமல் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

"யாரு தச்சது?"

"நாந்தாம்ப்பா."

"பின்னால முடிச்சே காணோமே?"

"உள்ளுக்குள்ள விட்டுருவேம்ப்பா."

நான் பேச வேண்டிய நேரம் அதுதான். அடையாறு, படிப்பு, இங்கிருந்தே போய்வரலாம், வரன் எங்கே போகிறது என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அண்ணன் முழுக்கக் கேட்டார். மகளைப் பார்த்து, "படிக்கணும்னா படி. கல்யாணம் பெறவு பாத்துக்கலாம்" என்றார். அவள் அழுதுவிட்டாள். நான் எல்லோருக்கும் இன்னொரு காபி போடப் போனேன். பின்னாலேயே அவர் குரல் வந்தது.

"ஆனா இங்க வேண்டாம். பெங்களூர்ல ஒங்க பெரியம்மா வீட்டுப் பக்கத்துலயே இந்தப் படிப்பு இருக்காம். ஒரு சாரத்தப் பத்திரமா வைக்கத் தெரியாதவன நம்பி இன்னும் எத்தன வருஷம் பிள்ளைய விட்டுவைக்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் ரொம்ப நேரம் சிரித்தேன். காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். ஒருவரும் சொல்லவில்லை.

அவள் போகும்போது மெஷினையும் சாக்கையும் எடுத்துப்போனாள். கடுகு டப்பாவில் கடுகு வந்தது. சாயங்காலம் "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, பழக்கத்தில் ஊசிக்காகக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைத் தெருவில் லுங்கி வாங்கப் போனேன். ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்து வெயிலில் பிடித்தேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"லுங்கிக்கு இன்னாத்துக்கு சார் வெளிச்சம்?"

"ட்யூப்லைட்ல கலர் தெரியாது" என்றேன். வெளிர் ஊதாக் கட்டம் ஒன்றும், ஆரஞ்சும் பச்சையும் கலந்தது ஒன்றும் எடுத்தேன். இரண்டுமே எனக்குப் பொருந்தாதவை. மெதுவு வரட்டும் என்று தினமும் மாற்றி மாற்றிக் கட்டித் துவைத்தேன்.

மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா பார்த்துவிட்டு, "இப்பல்லாம் உங்க திருடன் வர்றதில்ல போல சார்" என்றார்.

"வேலைய மாத்திக்கிட்டு பெங்களூர் போயிட்டாம்மா."

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். நான் ஊதா லுங்கியை எடுத்து, தெருவிலிருந்து கை நீட்டினால் எட்டுகிற மாதிரி, கொடியின் கடைசியில் போட்டேன். மறுநாள் காலையிலும் அது அங்கேதான் தொங்கியது.