டென்னிஸ் படத்தின் மறுபக்கம்

விடுதித் தோழிகளே,

வெளிநாட்டில் களிமண் தரையில் நடக்கும் பெண்கள் டென்னிஸ் போட்டியை நான் தினமும் பேப்பரில் தேடிப் படிப்பது உங்களுக்குத் தெரியும். இன்று கடலூர் வாசகசாலையில் அரையிறுதிப் படத்தை யாருக்கும் தெரியாமல் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர் மகளோடு வந்தார். அவள் உள்ளங்கையில் பரீட்சை நம்பரை மையால் எழுதியிருந்தாள்.

பேப்பரைப் புரட்டியவள், "எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட்டு வந்த எடத்த யாரோ கிழிச்சிட்டாங்கப்பா," என்றாள்.

"எந்தப் பாவி செஞ்ச வேலையோ, செல்வி," என்றார் அவர், என்னைப் பார்த்து.

"ஆமாங்க," என்றேன்.

சிதம்பரம் பஸ்ஸில் ஏறியபின் படத்தைத் திருப்பினேன். பாஸானவர்கள் பட்டியலில் அவள் நம்பர் இருந்தது.

நாளை கடலூர் போகிறவர்கள் யாராவது செல்வியிடம் பாஸ் என்று சொல்லுங்களேன். நானே போகலாம்தான். அவர் எனக்கு நன்றி சொல்லிவிடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது.