பத்தாவது ஊசி

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்குக் கணக்கு இடித்தது. மகளின் வலது கையிலிருந்து எடுத்த ஊசிகள் தட்டில் ஒன்பது கிடந்தன. குத்தும்போது நான் எண்ணியது பத்து.

மதகடிப்பட்டில், மருந்துக்கடை மாடியில் இருந்த அந்த அக்குபங்சர் அறைக்கு நாங்கள் போனது அது ஐந்தாவது முறை. போன வருஷம் கரும்பு டிராக்டருக்கு வழிவிடப் போய் ஸ்கூட்டியோடு விழுந்தாள். எலும்பு கூடிவிட்டது, நரம்பு ஆறவில்லை. விசிறிக் காற்று பட்டாலே கை எரியும் என்பாள். வலியோடு மறதியும் வந்தது. பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவாள். தூங்கவிடாத வலி நினைவையும் குலைக்கும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாத்திரை போதவில்லை. ஊசி குத்தி, அதில் கிளிப் மாட்டி, மெல்லிய கரண்ட் விடும் இந்த வைத்தியத்துக்கு அவள்தான் ஆசைப்பட்டாள். அந்த டாக்டரின் சிரிப்பிலும் சுவரில் தொங்கிய சான்றிதழிலும் எனக்கு நம்பிக்கையில்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் எண்ணினேன்.

“ஒன்பதுதாம்மா வெச்சேன்,” என்றார் டாக்டர்.

“பத்து சார்.”

“நடுவுல போன் பேச வெளிய போனீங்களே?”

போனது உண்மைதான். மோட்டார் ஓடவில்லை என்று கணவர் கூப்பிட்டிருந்தார். இரண்டு நிமிடம். அதற்குள் ஊசி எங்கே போகும்? மகளைக் கேட்டேன். “தெரியலம்மா,” என்றாள். ஊசி கைக்குள்ளேயே போய்விட்டதென்று முடிவு செய்தேன். எக்ஸ்ரே எடுக்காமல் விடமாட்டேன் என்று சத்தம் போட்டுவிட்டு இறங்கினேன்.

வில்லியனூரில் பஸ் மாறும்போது அவளே சொன்னாள்:

“எம்மா, நீ வெளிய போனப்ப முழங்கைல ரொம்ப வலிச்சுது. அவரு ஒண்ண கிளிப்போட உருவி மெஷின் மேல வெச்சாரு.”

“அத்த அங்கியே ஏன்டி சொல்லல?”

“அப்ப ஞாபகம் வரல.”

அவரைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்று தோன்றியது. உறுவையாற்று வீட்டுக்குள் நுழைந்ததும் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் தேடி எடுத்து அவள் கை நெடுக ஓட்டினேன்.

“வலிக்குதும்மா, வுடு! நான் இன்னா பொய்யா சொல்றேன்?”

“பால் வெச்சதே ஞாபகம் இல்ல உனக்கு. இது மட்டும் எப்பிடி இருக்கும்?”

அவள் கையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். இதை எழுதும்போதும் அந்த முதுகுதான் தெரிகிறது.

எக்ஸ்ரேவுக்குப் போக கணவர் ஆட்டோவோடு வருவதற்குள், மூன்று மணி வாக்கில், அந்த அறையில் உதவிக்கு இருக்கும் பெண் வாசலில் வந்து நின்றாள். நோட்டில் முகவரி பார்த்து, பஸ் பிடித்து, நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்து வந்திருந்தாள். கையிலிருந்த பஞ்சைப் பிரித்தாள். உள்ளே ஊசி.

“மெஷின் தொடைக்கும்போதுதான் பாத்தேங்க்கா, கிளிப்புலயே மாட்டிக்கினு இருந்துச்சி. காட்டுனதும்தான் டாக்டருக்கே நெனப்பு வந்துச்சி. பாப்பாதான வலிக்குதுன்னு எடுக்கச் சொல்லிச்சாம், உங்ககிட்ட சொல்லலியா?”