நிறுத்தி வைத்த அரசன்

என் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில், அகராதிகளுக்குப் பக்கத்தில், பழைய கீபோர்டு ஒன்று இருக்கிறது. அது இப்போது எந்தக் கணினியோடும் இணைந்திருக்கவில்லை. எழுத்துகள் எல்லாம் தெளிவாகவே தெரிகின்றன. அடியில் உள்ள நீளமான ஸ்பேஸ் பார் மட்டும் நடுவில் தேய்ந்து, எண்ணெய் தடவியதுபோல மினுங்கும். என் மதினியின் கட்டைவிரல் பதினொரு மாதங்களில் தேய்த்த இடம் அது.

தேனியில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. பழனிசெட்டிபட்டியில் அண்ணன் வீட்டில் அவர்களோடு வசித்தேன். அண்ணன் சரக்குக் கப்பலில் இயந்திரப் பிரிவில் இருந்தார். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு பொங்கல் முடிந்து கப்பலேறியவர், சில வாரங்கள் ஒழுங்காகத் தொலைபேசியில் பேசினார். பிறகு அழைப்பு நின்றது. அனுப்பி வைத்த ஏஜெண்டைக் கேட்டால், கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கிறது, பொறுத்திருங்கள் என்பார். எந்தத் துறைமுகம் என்பதற்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பெயர் வந்தது.

விடுப்பில் வரும்போதெல்லாம் அண்ணன் கணினியில் ஒரு விளையாட்டு ஆடுவார். பழங்காலத்து ராஜ்ஜியம் ஒன்றை எடுத்துக்கொண்டு, சில நூற்றாண்டுகளை நாள் நாளாக நடத்திச் செல்ல வேண்டும். படை, உடன்படிக்கை, மணவுறவு, வாரிசு எல்லாவற்றையும் நாமே பார்க்க வேண்டும். அரசன் மூப்படைவான், சாவான், வாரிசு வருவான். பாதியில் நின்றிருந்த அந்த ஆட்டத்தைச் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினி திறந்தார். “அவுக கை பட்ட சாமான் சும்மா கெடக்கக் கூடாது ஆத்தா” என்பதே அவர் சொன்ன காரணம்.

திறந்துவிட்டோமே தவிர, இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. நிலப்படத்தில் கோட்டைகளும் கொடிகளும் நிறைந்திருந்தன. நம் பள்ளத்தாக்கு இருக்க வேண்டிய இடத்தில் பெயரில்லாத பழுப்பு நிற மலைக்கோடு மட்டுமே. மதினி அம்புக்குறியை அங்கே கொண்டுபோய் வைத்து, “நாம இங்கனதான் இருக்கோம். நம்மளை விட்டுட்டான் பாருங்க” என்றார். அரைமணி நேரம் எதை எதையோ அழுத்தினோம். பெட்டிகள் தோன்றி மறைந்தன. பிறகுதான் திரையின் மூலையில் இருந்த அரசனின் பெயரைப் பார்த்தேன். அது அண்ணனின் பெயர்.

மதினி அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. மணமான நாளிலிருந்து அந்தப் பெயரை அவர் உச்சரித்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார். கண்ணாடித் திரையின்மேல் விரலை வைத்து, “அவுக” என்றார். அண்ணன் தன் பெயரையே சூட்டி ஆடியிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டோம்.

அன்றிலிருந்து கற்கத் தொடங்கினோம். ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து ஸ்பைரல் போட்ட தடித்த ஆங்கிலக் கையேடு ஒன்றை அண்ணன் வைத்திருந்தார். நூலகக்காரியின் வழக்கப்படி முதல் பக்கத்திலிருந்து படித்து, குறிப்பெடுத்து, அதன்படி ஆடி, ஒரே வாரத்தில் இரண்டு கோட்டைகளை இழந்தேன். மதினி கையேட்டைத் தொடவேயில்லை. அரசனின் தங்கையைப் பக்கத்து நாட்டு இளவரசனுக்குக் கட்டிக் கொடுத்தார். “படை எதுக்கு? பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்துட்டா அவன் எப்படிச் சண்டைக்கு வருவான்? பந்தியில பாயசம் பத்தலைன்னு வேணா வருவான்.” இழந்த கோட்டைகளில் ஒன்று அந்தச் சம்பந்தத்தால் திரும்பி வந்தது.

நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். ஸ்பேஸ் பாரை அழுத்தினால் காலம் நின்றுவிடும். ஆற அமர யோசித்து, மறுபடி அழுத்தினால் ஓடும். இதைக் கேட்டதும் மதினி என்னை நெடுநேரம் பார்த்தார்.

படைக்குத் தலைமை தாங்கும் அரசன் போரில் சாகக்கூடும் என்று கையேட்டில் இருந்தது. “அப்ப அவுகளை அனுப்ப வேணாம். அரண்மனையிலயே இருக்கட்டும்” என்றார். வர வர நாளுக்கு ஆட்டத்தில் ஒரு மாதம்கூட நகர்த்தவிடமாட்டார். “அவுகளுக்கு வயசு கூடுதுல்ல?” சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும், “அவுக நல்லா இருக்காக” என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். எந்த ‘அவுக’ என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வேன். பிறகு கேட்க அச்சமாக இருந்தது.

ஆடிக்காற்று எங்கள் ஊரில் இடைவிடாமல் மேற்கு மலையிலிருந்து இறங்கும். அப்படி ஒரு பிற்பகலில், ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கொல்லையில் பறக்கும் துணிகளை எடுக்கப் போயிருந்தோம். கணினிக்குப் பக்கத்து ஜன்னலின் கொக்கியை மாட்டாமல் வந்தது நான். கதவு அடித்துத் திறந்து, ஜன்னல் திட்டில் இருந்த கையேடு கீபோர்டின் ஸ்பேஸ் பார்மேல் விழுந்திருக்கிறது. நாங்கள் திரும்பியபோது காலம் ஓடிக்கொண்டிருந்தது, பல ஆண்டுகளைக் கடந்து. திரையின் நடுவே கறுப்புக் கட்டமிட்ட ஓர் அறிவிப்பு. மதினிக்கு அதைப் படிக்க ஆங்கிலம் தேவைப்படவில்லை.

“அவுக போயிட்டாக! ஐயோ, அவுக போயிட்டாக!”

எங்கள் தெருவில் ஒரு மனைவி அப்படி அலறினால் அதற்கு ஒரே பொருள்தான். கால்மணி நேரத்தில் வீடு பெண்களால் நிறைந்துவிட்டது. ஒருத்தி வாசலிலேயே தலையை விரித்து ஒப்பாரி தொடங்கிவிட்டாள். யாரோ கோம்பை ஊருக்குப் போன் போட, அங்கிருந்து பெரியப்பா வேன் பிடித்துச் சொந்தபந்தங்களோடு மாலையும் கையுமாக வந்து இறங்கினார். நான் ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருந்தேன். “வெளையாட்டா?” என்றார் பெரியப்பா. “எழவுக்கு மாலை வாங்கிட்டு வந்து நிக்கிறேன். வெளையாட்டுங்கிறீக! இப்ப இதை யாரு கழுத்துல போட?” பக்கத்து வீட்டு அக்கா, “பொய்ச் சாவுச் சேதி பரவுனா ஆயுசு கெட்டிம்பாக, விடுங்க” என்று சமாதானம் சொன்னார். சிலர் சிரித்தார்கள். மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல், கடைசியில் வேனிலேயே திருப்பி எடுத்துப்போனார்கள்.

எல்லாரும் போனபின் மதினி கேட்டார்: “பழைய எடத்துக்குத் திரும்பிப் போக வழி இருக்கா?”

முந்தைய நாள் சேமித்த கோப்பு இருந்தது. திறந்தேன். அரசன் உயிரோடு, அதே வயதில், அதே பெயரோடு இருந்தான். காலம் நகர்வதற்குள் மதினி கட்டைவிரலை அழுத்தினார். அதன்பின் ஒரு நாள்கூட ஆட்டம் ஓடவில்லை. தினமும் மாலையில் திறப்பார், உடனே நிறுத்துவார், அசையாத கொடிகளைப் பார்த்தபடி விரலை எடுக்காமல் உட்கார்ந்திருப்பார். நின்றுபோன கடலில் நின்றுபோன கப்பல்கள் தெரியும். ஜன்னலுக்கு அப்பால் மலையின்மேல் மேகம்கூட நகராததுபோல எனக்குத் தோன்றும்.

பங்குனியில் ஒரு காலை, அண்ணன் பையோடு வாசலில் நின்றார். பாதியாய் இளைத்திருந்தார். முதலாளி கைவிட்டதால் கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஆட்கள் இறங்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. “நங்கூரத்தைப் போட்டுட்டு ஒரே எடம்தான் தாயி. எது ஆடி, எது ஐப்பசின்னு தெரியல” என்றார். மதினி அவர் காலில் தண்ணீர் ஊற்றினார்.

உடம்பு தேறிய பிறகு ஒருநாள் கணினியைத் திறந்த அண்ணன், என்னைக் கூப்பிட்டார். “ராஜாவுக்கு எம்பேரை வச்சது யாரு?”

“நீங்கதானண்ணே வச்சீக?”

“நான் விட்டுட்டுப் போறப்ப வேற கெழட்டு ராஜால்ல இருந்தான்?”

முதல் நாள் நாங்கள் தடுமாறிய அரைமணியில் கிழவன் செத்து வாரிசு வந்திருப்பான் என்றும், பட்டியலிலிருந்து கணினியே பெயர் சூட்டும் என்றும் அவரே விளக்கினார். விளக்கியபடியே திரைக்குக் குனிந்தவர் பேச்சை நிறுத்தினார். பள்ளியில் சேர்த்தபோது எழுத்தர் ஒருவர் அண்ணனின் ஆங்கிலப் பெயரில் தேவையில்லாத ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டார். பாஸ்போர்ட் வரை தொடர்ந்த பிழை அது. திரையிலிருந்த பெயரிலும் அந்த எழுத்து இருந்தது.

அண்ணன் வலிந்து சிரித்தார். “சரி, ஓட விட்டுப் பார்ப்போமே” என்று கையை நீட்டினார். பின்னால் நின்ற மதினி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியை அண்ணனும் விலக்கவில்லை.

அண்ணன் அதன்பின் கப்பலுக்குப் போகவில்லை. இப்போது தலை முழுதும் நரைத்துவிட்டது. கணினி என்றோ பழைய சாமான்காரரிடம் போயிற்று. அதற்குள் எங்கோ அந்த அரசன் வயது ஏறாமல் நின்றுகொண்டிருக்கக்கூடும். வாரந்தோறும் அலமாரியைத் துடைக்கிறேன். இந்தக் கீபோர்டு எதையும் இயக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஸ்பேஸ் பாரில் துணி படாமல், அதைச் சுற்றி மட்டுமே துடைக்கிறேன்.