பலகைப் படத்தில் ஓர் அரிசிச் சாக்கு

அந்தப் பலகையில் நீங்கள் எழுதியிருப்பது பொய். பாரிஸுக்கு வடக்கே இருக்கும் உங்கள் பல்கலைக்கழகத்தின் பேஸ்போல் மைதானத்தில், போன வைகாசியில், அதன் வரலாறு என்று ஒரு பலகையைத் திறந்து வைத்தீர்கள். கல்லும் முள்ளுமாய்க் கிடந்த நிலத்தை மாணவர்களே தங்கள் கைகளால் மைதானமாக்கினார்கள் என்று அதில் இருக்கிறது. நான் அங்கே நின்று இரண்டு தரம் வாசித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். பதினைந்து வருடங்களுக்கு மேல் இருக்கும். அப்போது நான் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை கடை பூட்டு. அன்றைக்கு எங்களில் பத்துப் பேர் கார் து நோர் நிலையத்தில் ரயிலேறிப் போய், அந்த வெறும் நிலத்தில் கிரிக்கெட் விளையாடுவோம். கல் பொறுக்கியது நாங்கள். முள் வெட்டியது நாங்கள். பிறகுதான் பல்கலைக்கழகம் அதைப் பேஸ்போல் மாணவர்களுக்குக் கொடுத்தது. அந்தப் பிள்ளைகள் நல்லவர்கள், எங்களைத் துரத்தவில்லை. திங்கட்கிழமை எங்களுக்கு, மற்ற நாட்கள் அவர்களுக்கு என்று ஆனது.

பேஸ்போலில் பந்து எறிகிறவர் ஒரு மண்மேட்டில் நின்றுதான் எறிய வேண்டும். அவர்கள் குவித்த மேடு ஒவ்வொரு மழைக்கும் கரைந்து ஓடியது. எங்களோடு வந்த ஓர் அண்ணை, யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் ஆடுகளம் போட்ட கை. அவரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. களிமண்ணைச் சலித்து நாலு விரல் உயரத்துக்குப் போடுவார். தண்ணீர் தெளித்து இடிப்பார். அது காய்ந்த பிறகுதான் அடுத்த படை. லா சப்பல் கடைகளில் எறிகிற அரிசிச் சாக்குகளைக் கேட்டு வாங்கி, உள்ளே பொலித்தீன் வைத்து, நைலோன் நூலால் ஒன்றோடொன்று தைத்து, மழைக்கு மூடினார். அதன் பிறகு மேடு கரையவில்லை. இன்றைக்கும் அதில் நின்றுதான் எறிகிறார்கள்.

மாணவர்கள் விளையாடுவதைப் பார்த்தால் அவருக்குப் பகிடி. "அடிச்ச உடனை மட்டையை எறிஞ்சுபோட்டு ஓடுறாங்கள். இவங்களை நம்பி ஒரு சாமான் குடுக்கேலாது" என்பார்.

மாணவர்கள் படம் எடுக்கும்போதெல்லாம் நாங்கள் விலகிவிடுவோம். எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அப்போது வதிவிட அனுமதி இல்லை. படம் யார் கையில் போய்ச் சேருமோ என்று பயம். கமராவைக் கண்டால் தள்ளி நில்லுங்கோ என்று எல்லோரையும் விரட்டியவன் நான்தான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அண்ணையின் மகள் இப்போது அதே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அந்த மேட்டைப் போட்டது தான்தான் என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சொல்லி வந்தவர் அவர். பலகை திறக்கிறார்கள் என்றதும் சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, அவளையும் என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் பலகையை முழுக்க வாசித்தாள். பிறகு அப்பாவிடம் பிரெஞ்சில் மெதுவாகக் கேட்டாள், நீங்கள் உண்மையிலேயே இங்கே வேலை செய்தீர்களா, சும்மா விளையாட வந்தீர்களா என்று. அண்ணை மேட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் நேராக உங்களிடம் வந்தேன். அதை எழுதிய நீங்கள் கையில் வைன் கிளாஸோடு நின்றீர்கள். நடந்ததைச் சொன்னேன். இருக்கிற படங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம், ஒன்றிலும் உங்கள் ஆட்கள் இல்லை என்றீர்கள். ஆதாரம் இருந்தால் கொண்டு வாருங்கள் என்று சிரித்தீர்கள். எங்களைப் படத்தில் இல்லாமல் பண்ணியவன் நான் அல்லவா?

அப்போதுதான் மகள் கூப்பிட்டாள். பலகையில் பெரிதாக்கிப் போட்டிருந்த பழைய படத்தில், மேட்டை மூடியிருந்த விரிப்பின் மேல் விரலை வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அழுதழுது போன பிள்ளை.

"அப்பா, இதிலை புழுங்கல் அரிசி எண்டு கிடக்கு."

"ஓம். அது நான் தைச்சது."

அவள் அவருடைய சேர்ட் கையைப் பிடித்தபடி நின்றாள்.

உங்களையும் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தீர்கள். குழுவில் கேட்டுச் சொல்கிறோம் என்று போய்விட்டீர்கள். இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. அண்ணை இதை விட்டுவிடச் சொல்கிறார். "பிள்ளைக்குத் தெரிஞ்சிட்டுது. எனக்கு அது காணும்" என்கிறார். அவருக்கு அது போதும். எனக்குக் காணாது. பயத்தில் படத்தை விட்டு விலகினோமே தவிர, செய்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பலகை திறந்த அன்றிலிருந்து எந்தக் கமரா முன்னாலும் நான் தள்ளி நிற்பதில்லை.

இதை அண்ணையின் மகள் பிரெஞ்சில் மாற்றி எழுதி உங்களுக்கு அனுப்புவாள். உங்கள் படத்தில் இருக்கிற அந்தச் சாக்குகளைத் தைத்தது யார்? எனக்குக் கடிதம் போட வேண்டாம். அதே மைதானத்தில், அதே பலகையில், எல்லோரும் வாசிக்கும்படி பதில் எழுதுங்கள்.