அக்கா கேட்டது சின்ன பாட்டில்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். செஞ்சியிலிருந்து சென்னை வரை ஐந்து லிட்டர் மூத்திரத்தைக் கேனில் அடைத்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போன மடையன் நான்தான்.

அக்கா கேட்டது சின்ன பாட்டிலில் கொஞ்சம். தேடுகிற பொருள் துளியூண்டு என்றால் தேடுகிற இடம் பெரிதாக இருக்க வேண்டாமா? அப்படித்தான் ஓடியது என் மூளை.

செஞ்சிக்கு அருகே எங்கள் காலனியில் பிறந்தவர் அக்கா. நைனாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் களையெடுத்து அவரை வேதியியல் படிக்கவைத்தார்கள். சென்னை ஆய்வகம் ஒன்றில், மனிதரின் ரத்தத்திலும் சிறுநீரிலும் பூச்சிமருந்தின் மிச்சத்தை அளப்பது அவர் வேலை. செஞ்சிச் செட்டிக்குளத்தில் ஒரு சொட்டு மருந்து கலந்தாலும் அக்காவின் மெஷின் சொல்லிவிடும் என்பேன். அவர் ஆய்வகத்தில் அளந்தார், நான் டீக்கடையில் அளந்தேன்.

அப்போது கூலிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தேன். கை நடுங்கத் தொடங்கியது. குடிக்கிறான் என்றது ஊர். மனைவியும் அதை நம்பி மேல்சித்தாமூருக்குத் தாய்வீடு போய்விட்டாள். நம்பாதவர் அக்கா ஒருவர்தான். அதனால்தான் சாம்பிள் கேட்டார்.

கேனைப் பார்த்த அக்கா மூக்கைக்கூடப் பொத்தவில்லை.

"இதுல முன்ன இன்னாடா இருந்துச்சு?"

"பூச்சிமருந்துதான்க்கா. நல்லா கழுவிட்டேன்."

"எதுல கழுவுன?"

"ஏரித் தண்ணியில."

"ஊரு வயலு மருந்தெல்லாம் வடியற ஏரியிலியா? மெஷினு உன்ன அளக்குமா, கேனை அளக்குமாடா?"

அத்தனையும் கழிவறைக்குப் போனது. தாமே சுத்தம் செய்த பாட்டிலைக் கொடுத்தார் அக்கா. முடிவு வந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு நேரே மேல்சித்தாமூர் போய் என் மாமனாரிடம் சொன்னார்: "மாமா, இவன் ஒடம்புல இருக்குறது பூச்சிமருந்து. இவன் குடிகாரன் இல்ல. மூஞ்சில துணி கட்டாம மருந்தடிச்ச முட்டாளு."

மனைவி அன்றே என்னோடு பஸ் ஏறினாள். நான் மருந்தடிப்பதை விட்டேன். நடுக்கம் மெல்ல என்னை விட்டது. இந்தக் கட்டுரையும் என் கையெழுத்துதான். புரியவில்லை என்றார் அச்சகத்துக்காரர். அது பள்ளிக்கூடத்திலேயே வந்த கோணல்.

பிறகு ஊரில் மருந்தடிக்கிற எல்லோருக்கும் பாட்டில் கொடுத்து அளந்தார் அக்கா. இன்று முகமூடியும் கையுறையும் இல்லாமல் எங்கள் ஊரில் யாரும் ஸ்பிரேயரைத் தொடுவதில்லை. அவர் தம்பி என்று சொல்லிக்கொள்ள இதைவிட என்ன வேண்டும்?

அக்கா போய் ஓராண்டு ஆகிறது. அவரைத் தாங்கிய செவிலியர்களுக்கும், மருத்துவமனைக்குத் தினமும் சோறு கொண்டுவந்த அவருடைய தோழிகளுக்கும், கேனோடு என்னை இறக்கிவிடாத கண்டக்டருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசியாக என்னோடு அக்கா பேசியதையும் சொல்லிவிடுகிறேன். செவிலியர் சிறுநீர் சாம்பிள் கேட்டார். நான் முந்திக்கொண்டு பாட்டிலை நீட்டினேன்.

"நல்லா கழுவிட்டேன்க்கா."

கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"எதுல?"