ஒரு போத்தல் பெற்றோல் தராதவர்

பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் கிளிநொச்சியில் இரண்டு நாளாக என் ஓட்டோவோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பழைய மொறிஸ் மைனர் கார். சொந்தக்காரருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். சாரமும் தடித்த கண்ணாடியும் போட்டிருந்தார். வரிசை நகரும்போது காரை இயக்கமாட்டார். யன்னலுக்குள்ளால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தானே தள்ளுவார். யாராவது காரில் சாய்ந்தால் உடனே தோளில் கிடந்த துவாயால் அந்த இடத்தைத் துடைப்பார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அவருடைய காருக்கு அடித்ததோடு பெற்றோல் முடிந்தது. ஆஸ்பத்திரியில் என் மனைவியும், பிறந்து மூன்று நாளான மகளும் கண்டாவளைக்கு வீடு திரும்பக் காத்திருந்தார்கள். அதைச் சொல்லிக் கெஞ்சினேன்.

"ஐயா, ஒரு போத்தல் மட்டும் தாங்கோ."

"தரமாட்டன்."

"இந்தப் பழைய தகரத்தை விட என்ர பிள்ளை பெரிசில்லையோ?" என்று கத்தினேன்.

"தகரமோ? பிறந்த என்னை இதிலதான் வீட்டை கொண்டுவந்தவை. என்ர நாலு பிள்ளையளும் இதிலதான் வந்ததுகள். சண்டைக்குள்ள விட்டிட்டு ஓடினதை, சண்டை முடிய, பழைய இரும்புக் குவியலுக்குள்ள தேடிப் பிடிச்சனான்." பின்கதவைத் திறந்தார். "ஏறும். ஆஸ்பத்திரிக்குப் போவம்."

கண்டாவளை வரை ஒவ்வொரு பள்ளத்தையும் விலத்தி ஓட்டினார். மகள் விழிக்கவே இல்லை. வாசலில் இறங்கிக் காசை நீட்டினேன்.

"இது ஹயர் கார் இல்லை" என்று முறைத்துவிட்டுப் போய்விட்டார்.

போகவும் வரவும் நாலு போத்தலாவது எரிந்திருக்கும். நான் கேட்டது ஒன்று. அந்த ஒன்றைத் தர ஏன் மறுத்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.